இரயில்வேத் தொழிலாளர் நாட்டுக்கு அளித்த குடியரசுத் தலைவர்

பதவி வந்தபின் கொள்கையை மறப்போர் பலர். கொள்கைக்காகப் பதவியை விடுவோர் சிலர். அச்சிலருள் ஒருவரும், இரயில்வேக் குடும்பத்தினராகிய நாம் உரிமையோடு நினைவுகூரத் தக்கவருமான வி. வி. கிரி அவர்களின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகக் காண்போம்.

வராககிரி வேங்கட கிரி அன்றைய சென்னை மாகாணத்துக் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் 1894 ஆகஸ்டு 10-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். சட்டம் பயில 1913-இல் அயர்லாந்தின் டப்ளின் நகர் சென்ற இளைஞர், அங்கு மூண்டிருந்த விடுதலைக் கனலில் தாமும் உள்ளம் பறிகொடுத்தார். அதனால் 1916-இல் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

தாயகம் திரும்பியவர் வழக்கறிஞர் தொழிலில் பொருள் குவித்திருக்கலாம். அவரோ வங்காள-நாகபுரி இரயில்வேத் தொழிலாளரிடம் சென்றார். ஆட்குறைப்பால் அல்லலுற்றோரை ஒன்றுதிரட்டி அறவழியில் வேலைநிறுத்தம் நடத்தினார். அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனத்தை உருவாக்குவதில் முன்னின்று, அதன் பொதுச் செயலாளராகப் பல்லாண்டு உழைத்தார். 1937 தேர்தலில் செல்வாக்கு மிக்க பொப்பிலி அரசரைத் தோற்கடித்து, இராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார்.

விடுதலைக்குப் பின் 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியத் தூதராக இருந்தார். மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் மக்கள் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த துயரக் காலம் அது. மத்தியத் தொழிலாளர் அமைச்சராக விளங்கியபோது, வங்கி ஊழியர்க்குக் கிடைத்த தீர்ப்பை அரசாங்கம் மாற்றியதை ஏற்க மனமின்றி 1954-இல் பதவி விலகினார். பின்னர் 1960 முதல் 1965 வரை கேரள ஆளுநராகவும், 1967-இல் துணைக் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

1969 மே 3-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்ற கிரி, தேர்தலில் நிற்க விரும்பி, ஜூலை 20-இல் அப்பொறுப்பையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்து சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். காங்கிரசின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியோ மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார்.

இவ்விடத்தில் தேர்தல் முறையைச் சிறிது விளக்குதல் நலம். அமெரிக்காவிலும் மக்கள் அதிபரை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 தேர்வாளர்களுள் 270 பேரின் ஆதரவைப் பெற்றவரே வெல்வார். பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரும் சேர்வர். நம் நாட்டிலோ நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் தனித்தனியே இரகசிய வாக்களிப்பர். கட்சிக் கொறடா கட்டளையிட இயலாது. வட்டவடை மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் தமிழ்க் குடியானவர் தேவிகுளம் தொகுதிக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகிறார். 2022 தேர்தலில் கேரள உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 152. மலைச்சரிவில் இடும் வாக்கு இவ்வாறு தில்லி மாளிகை வரை செல்கிறது.

1969 ஆகஸ்டு 16-இல் வாக்களிப்பு நடந்தது. 20-ஆம் நாள் எண்ணியபோது முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515 பெற்று முன்னின்றும் பாதியைத் தாண்டவில்லை. பிறரை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் இரண்டாம் விருப்பத்தைக் கணக்கிட்ட பின்னரே 4,20,077-க்கு 4,05,427 என்று வென்றார். இரண்டாம் விருப்பத்தால் முடிவான குடியரசுத் தலைவர் தேர்தல் இது ஒன்றே. சில திங்களில் காங்கிரசும் இரண்டாகப் பிளந்தது. தேர்தலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், பதவியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார். 1970-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று.

ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1974 மே மாதத்தில் இரயில்வே ஊழியர் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். குவார்ட்டர்ஸ்களில் அடுப்பெரியாத நாட்களும் உண்டு. அப்போது தில்லி மாளிகையில் வீற்றிருந்தவர், நம் சங்கங்களைக் கட்டிய அதே கிரி. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கக் கடமைப்பட்டவர் அவர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்நாளில் அவர் குரலுக்காகக் காத்திருந்த தொழிலாளர் உள்ளத்தில் ஒரு குறை தங்கியது உண்மையே. அமைச்சர் பதவியை உதறிய கையும், அந்நாளில் வாளாவிருந்த கையும் ஒன்றே. உயர்ந்த பதவி மனிதனுக்கு எத்துணைத் தளையாகவும் அமையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1974 ஆகஸ்டில் பதவிக்காலம் முடித்த கிரிக்கு மறு ஆண்டில் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1980 ஜூன் 24-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அன்பர்களே! பெரியோரின் ஏற்றத்தையும் குறையையும் ஒருங்கே எண்ணுதலே அவர்க்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை. பிழைப்பின் பொருட்டு எவ்வூரில் குடியேறினும், வாக்காளர் பட்டியலில் நம் பெயரைச் சேர்த்து, மனச்சாட்சிக்கு அஞ்சி வாக்களிப்போமாக. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!