செங்கல் வைக்கப் பழகியவர், கை இழந்தவர்களிடம் வந்துசேர்ந்த கதை

1885ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் நுழைவுப் பரீட்சையில் தேறினான். எம்.ஐ.ரி. என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அதே நிறுவகம்தான். அவன் அங்கே போகவில்லை. கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் மேசன் வேலை பழகப் போனான்.

அவன் பெயர் பிராங் கில்பிரெத். 1868 ஜூலை 7ஆம் திகதி மெய்ன் மாநிலத்தின் பெயர்பீல்ட் என்ற சிறிய ஊரில் பிறந்தவன். மூன்று வயதில் தகப்பன் இறந்துபோனார். தாய் பிள்ளைகளுடன் பொஸ்டனுக்கு வந்து, வீட்டில் ஆட்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டின் ஒரே ஆண்பிள்ளை இன்னும் நான்கு வருடம் படித்துக்கொண்டிருப்பதா, உழைப்பதா என்ற கேள்விக்கு அவன் தானே முடிவெடுத்தான்.

முகாமைத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரை எங்காவது கடந்திருப்பார்கள். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று அசைவு அசைவாகப் பார்த்து, வீணானதை நீக்கி, முறையைத் திருத்துவது இன்று தனியான தொழில். இங்கிலாந்தில் அதற்கென்றே தொழில் பயிலுநர் பயிற்சிகள் இருக்கின்றன. அந்தத் தொழிலுக்கு அடிபோட்டவர்களில் கில்பிரெத் ஒருவர். ஆனால் நான் இவரைத் தேடிப் போனது அதற்காக அல்ல. முதலாம் உலகப் போரில் கைகால் இழந்த சிப்பாய்களைப் பற்றி அவரும் மனைவியும் எழுதியவை கண்ணில் பட்டன. படித்துக்கொண்டு போகும்போதுதான், அந்த எழுத்து அவர் 17 வயதில் பழகிய மேசன் வேலையிலிருந்து வந்தது என்று புரிந்தது. ஆகவே செங்கல்லில் இருந்தே தொடங்குகிறேன்.

நிறுவனத்தில் அவனுக்குப் போட்ட திட்டம், ஒவ்வொரு தொழிலையும் அடியிலிருந்து கையால் பழகி மேலே வரவேண்டும் என்பது. முதலில் செங்கல். அனுபவமுள்ள மேசன்மாரிடம் அவனை விட்டார்கள். ஒருவர் காட்டிய முறை மற்றவர் காட்டியது போல் இல்லை. அதைவிட விசித்திரம், ஒரே மேசனே மூன்று விதமாக வேலை செய்தார். பையனுக்குக் காட்டிக்கொடுக்கும்போது ஒரு விதம், ஆறுதலாகச் செய்யும்போது இன்னொரு விதம், அவசரத்துக்கு மூன்றாவது விதம். மூன்றில் எது சரி என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை.

எந்தத் தொழிலைப் பழகப் போனவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பெரும்பாலானோர் கொஞ்ச நாளில் தங்களுக்கும் ஒரு விதத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியை மறந்துவிடுவோம். கில்பிரெத் மறக்கவில்லை. பகலில் செங்கல் வைத்தான், இரவுப் பள்ளியில் பொறியியல் வரைதல் படித்தான், இடையில் மேசன்மாரின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் கண்டது இதுதான். செங்கல் மேசனின் காலடியில், சாரப் பலகையில் கிடக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் மனிதர் குனிவார், எடுப்பார், நிமிர்வார். கல்லின் நிறை ஏறத்தாழ 2 கிலோ. அதை எடுப்பதற்காக 70 கிலோ உடம்பை இரண்டடி இறக்கி ஏற்றுகிறார். ஒரு நாளில் இது ஆயிரம் தடவை. பிறகு கல்லைக் கையில் புரட்டி நல்ல முகம் எது என்று பார்ப்பார். சாந்தில் வைத்துக் கரண்டிக் காம்பால் தட்டுவார். சாந்து இறுகலாக இருந்தால் கூடத் தட்டவேண்டும்.

மேசனை வேகமாக வேலை செய் என்று சொல்லாமல், கில்பிரெத் மேசனைச் சுற்றியிருந்ததை மாற்றினார். சுவர் உயர உயரத் தானும் உயரக்கூடிய சாரம் ஒன்றை வடிவமைத்தார். அதில் கல்லுக்கும் சாந்துக்கும் இடுப்பளவில் ஒரு தட்டு. கையாள் கீழேயே கல்லைப் பார்த்து, உடைந்ததைக் கழித்து, நல்ல முகம் வெளியே வரும்படி மரச்சட்டத்தில் அடுக்கி மேலே அனுப்புவார். சாந்து கையால் அழுத்தினாலே கல் அமரும் பதத்தில் குழைக்கப்பட்டது. ஒரு கல்லை வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் 5 போதுமென்றாயிற்று. ஒரு மேசன் மணிக்கு 120 கல் வைத்த வேலையில் 350 கல் வைக்க முடிந்தது. முதுகும் தப்பியது.

(போருக்குப் பின்னான வீட்டுத்திட்டங்களில் வன்னியில் எத்தனையோ மேசன்மாரும் கையாட்களும் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். சீமெந்துக் கல் நிலத்தில்தான் கிடக்கும். 130 வருடத்துக்கு முந்தைய அந்தத் தட்டு இன்னும் அங்கே வந்துசேரவில்லை.)

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்தினால் அது ஒரு வெற்றிக் கதை. தொழிற்சங்க மேசன்மார் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஒருவர் மூன்று பேருடைய வேலையைச் செய்தால் மற்ற இருவருக்கும் என்ன நடக்கும் என்று கேட்டார்கள். கில்பிரெத் கூடுதல் கூலி கொடுத்தார், உண்மை. ஆனால் வேலை மூன்று மடங்காகியபோது கூலி மூன்று மடங்காகவில்லை. அவர்களின் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அதற்குக் கில்பிரெத்திடம் முழுமையான பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1895இல் அவர் சொந்தமாகக் கட்டட நிறுவனம் தொடங்கினார். 1904 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டைச் சேர்ந்த லிலியன் மோலரை மணந்தார். பல்கலைக்கழகமே போகாத கணவர். மனைவி பின்னர் 1915இல் பிரவுண் பல்கலைக்கழகத்தில் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வேலையைப் பார்த்த கில்பிரெத்துக்கு வேலை செய்பவரின் மனதையும் களைப்பையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் லிலியன்தான். 1914இல் வெளிவந்த லிலியனின் முகாமைத்துவ உளவியல் நூலில் எழுதியவர் பெண் என்று தெரியாதபடி முதலெழுத்துகள் மட்டும் அச்சிடப்பட்டன.

1912இல் கட்டட வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லப் போனார்கள். வேலையாளின் பக்கத்தில் நிமிடத்தின் சிறு பகுதிகளைக் காட்டும் மணிக்கூட்டை வைத்து, சினிமாக் கமெராவால் படம் பிடித்தார்கள். விரலில் சிறிய மின்குமிழைக் கட்டி, இருட்டில் கை போகும் பாதையை ஒளிக்கோடாகப் படமெடுத்தார்கள். எந்த வேலையையும் தேடுதல், பிடித்தல், கொண்டுபோதல், பொருத்துதல், காத்திருத்தல் என்று ஏறத்தாழ 18 அடிப்படைக் கூறுகளாகப் பிரித்தார்கள். அந்தக் கூறுகளுக்குத் தங்கள் குடும்பப் பெயரையே பின்னிருந்து முன்னாக எழுதி ‘தெர்ப்ளிக்’ என்று பெயர் வைத்தார் கில்பிரெத். சிரிக்கத் தெரிந்த மனிதர்.

அக்காலத்தில் இந்தத் துறையின் பெரியவர் பிரெடெரிக் டெய்லர். அவரும் தொழிற்சாலையில் தொழில் பழகி வந்தவர்தான். நேரம் அளக்கும் கடிகாரம் அவருடைய கருவி. இருவரும் முதலில் நெருக்கம், பிறகு விலகினார்கள். எத்தனை நொடி எடுத்தது என்பதைவிட அந்த அசைவு தேவையா என்பதே முக்கியம் என்ற பக்கத்தில் கில்பிரெத் நின்றார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன வித்தியாசம். போர் வந்தபோது அது சின்ன வித்தியாசமாக இருக்கவில்லை.

1914இல் ஐரோப்பாவில் போர் தொடங்கியபோது கில்பிரெத் பெர்லின் நிறுவனமொன்றுக்கு ஆலோசகர். ஜேர்மன் வைத்தியசாலைகளில் கை இழந்தவர்களை, கால் இழந்தவர்களை, பார்வை இழந்தவர்களைப் பார்த்தார். 1915இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வைத்தார். 1920இல் கணவனும் மனைவியும் சேர்ந்து அதை ஒரு நூலாக விரித்தார்கள்.

அதில் அவர்கள் செய்தது அதே மேசன் வேலைதான். ஒரு வேலையை எடுத்து, அதன் ஒவ்வொரு அசைவுக்கும் எந்த அவயவம் தேவைப்படுகிறது என்று அட்டவணை போட்டார்கள். வலது கை என்ன செய்கிறது, இடது கை என்ன செய்கிறது, கால் சும்மா இருக்கிறதா, கண் எங்கே பார்க்கிறது. அட்டவணை முடிந்ததும் இழந்த அவயவம் செய்த அசைவுகளை மட்டும் பார்த்தார்கள். அவற்றில் எதை நீக்கலாம், எதை மிஞ்சிய அவயவத்துக்கு மாற்றலாம், எதைக் கருவியிடம் கொடுக்கலாம்?

ஒற்றைக் கையால் தட்டச்சு செய்பவருக்குப் பெரிய எழுத்துக்கான விசையைக் காலுக்கு மாற்றலாம். ஒவ்வொரு தாளாகச் செருகும் வேலையை, சுருளாக வரும் தாளால் இல்லாமல் செய்யலாம். போரில் கால் இழந்தவர்களைப் பல் சுத்தம் செய்யும் உதவியாளர்களாகப் பயிற்றலாம் என்றும் அவர்கள் முன்மொழிந்தார்கள். அந்த வேலைக்குக் கைகளும் கண்களும் போதும்.

அவர்கள் மனிதரைப் பார்த்து இவருக்கு என்ன முடியாது என்று கேட்கவில்லை. வேலையைப் பார்த்து, இதற்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்து வாழ்வாதார உதவித் திட்டங்களை நினைத்துக்கொண்டுதான் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். தையல் இயந்திரம், கோழிக்கூடு, சிறிய கடை என்ற பட்டியல் முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறார். காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை ஒரு காலை இழந்த பெண்ணுக்குக் கொடுத்தால், படம் எடுத்து அறிக்கையில் போடலாம், உடுப்புத் தைப்பது கஷ்டம். மிதிக்கும் அசைவை வேறெங்கே மாற்றலாம் என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அப்படிப் பார்க்கத் தெரிந்த ஆளை உருவாக்குவதற்குப் பட்டப்படிப்பு அவசியமில்லை என்பதற்குக் கில்பிரெத்தே சாட்சி. ஆனால் தொழிலை முதலில் தன் கையால் பழகியிருக்கவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது கில்பிரெத் மேஜர் நிலையில் இராணுவத்தில் சேர்ந்து, ஒக்லஹோமாவின் போட் சில் முகாமுக்குப் போனார். ஆயுதங்களைப் பிரித்துப் பூட்டுவதைக் குறைந்த அசைவில், இருட்டிலும் செய்யப் பழக்குவதற்குப் படங்கள் எடுத்தார். கை இழந்தவருக்குத் தட்டச்சு பழக்கிய அதே அட்டவணை, அடுத்தவரின் கையை எடுக்கும் ஆயுதத்துக்கும் உதவியது. இதில் முரண் இருப்பதாக அவர் எங்கும் உணர்ந்ததாக நான் காணவில்லை. போரைத் தூரத்திலிருந்து படிப்பவர்களுக்கு இது வரலாற்றின் ஒரு சுவையான விபரமாக இருக்கலாம். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

முகாமில் சில மாதங்களிலேயே கடும் நோயில் விழுந்தார். பிழைத்தார், ஆனால் இதயம் பழுதடைந்துவிட்டது. 1924 ஜூன் 14ஆம் திகதி, ஐரோப்பாவில் நடக்கவிருந்த மாநாடுகளுக்குப் புறப்படும் ஏற்பாட்டில் இருந்தவர், நியூ ஜேர்சியின் மொன்ற்கிளெயர் ரயில் நிலையத்திலிருந்து மனைவியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார். வயது 55.

வீட்டில் 11 பிள்ளைகள். மூத்தவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. லிலியன் சில நாட்களிலேயே கப்பலேறி, கணவர் பேசவிருந்த மாநாடுகளில் அவருக்குப் பதிலாகக் கலந்துகொண்டார். திரும்பி வந்தபோது ஒப்பந்தங்கள் கைநழுவின. பெண்ணொருவர் தொழிற்சாலைக்குள் வந்து வேலைமுறை சொல்வதைப் பல நிறுவனங்கள் விரும்பவில்லை. கணவனை இழந்து குடும்பத்தைத் தலையில் சுமக்கும் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லிலியன் அந்த நிறுவனங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. 1925இல் மொன்ற்கிளெயர் வீட்டிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நிறுவனங்கள் தங்கள் ஆட்களை அங்கே அனுப்பின. பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில், கமெராவும் மணிக்கூடும் அட்டவணையும் வைத்து, ஒரு வேலையைப் பார்ப்பது எப்படி என்று அவர்கள் பழகிப் போனார்கள். பின்னாட்களில் அவர் அவயவம் இழந்தவர்களிடமே திரும்பி வந்தார். ஊனமுற்ற பெண்கள் தங்கள் சமையலறையில் வேலை செய்ய வழிகளை ஆராய்ந்தார், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கை பற்றி 1944இல் இன்னொருவருடன் சேர்ந்து நூல் எழுதினார். 1972 ஜனவரியில், 93ஆவது வயதில் இறந்தார்.