ஒரு பென்னிக்கு ஒரு கலை!

திருநின்றவூர்! பூசலார் என்பவர் கல்லும் மண்ணும் இல்லாமல், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தார் என்று புராணிகர் கதை சொல்லும் ஊர். அந்த ஊர் நிலையத்திலே, காலை வேளையில் சென்னைக்கு ரயிலேறும் கூட்டத்திடையே, பென்சிலும் கோடிட்ட குறிப்பேடுமாக இரண்டொரு இளைஞரைக் காண்கிறோம். எதிரே இருப்போர் பேச்சைக் கோடும் புள்ளியுமாக எழுதிப் பழகுகின்றனர். வேலைக்காகவா? இல்லை. அரசு நடத்தும் சுருக்கெழுத்துத் தேர்வுக்காகவா? அதுவும் இல்லை. ஆசைக்காக! கைப்பேசியை நீட்டினால் குரல் முழுவதும் பதிவாகிவிடும் இந்நாளில் இதென்ன வீண் வேலை என்று பக்கத்து இருக்கைக்காரர் நகைக்கின்றனர்.

நகைக்கட்டும். அந்தக் கலைக்குப் புது வடிவம் தந்தவரும் ஆசைக்காகத்தான் அதைக் கற்கத் தொடங்கினார்.

ஐசக் பிட்மன், 1813ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், இங்கிலாந்திலே ட்ரோபிரிட்ஜ் என்ற நெசவாலை ஊரில் பிறந்தார். காற்றோட்டமற்ற வகுப்பறையில் அடிக்கடி மயங்கி விழுந்ததால், பதின்மூன்று வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. துணி ஆலையில் எழுத்தர் வேலை. ஓய்ந்த நேரமெல்லாம் புத்தகம். ஏட்டிலே மட்டுமே கண்ட சொற்களைப் பிழையாக உச்சரிக்கிறோமே என்று கூசி, அகராதியைப் புரட்டி, தான் தவறாக ஒலித்துவந்த சொற்களை எடுத்தெழுதித் திருத்திக்கொண்டார். அந்த நாளிலேயே சாமுவேல் டெய்லர் என்பவர் வகுத்த சுருக்கெழுத்தையும் தானாகவே பயின்றார்.

பிறகு ஆசிரியரானார். ஊட்டன் அண்டர் எட்ஜ் என்ற ஊரிலே பள்ளி நடத்தியபோது, ஸ்வீடன்போர்க் என்ற அறிஞரின் சமயக் கருத்துகளை ஏற்றார். போயிற்று வேலை! பிட்மன் நாத்திகர் அல்லர், பழுத்த பக்திமான். ஆனால் பள்ளியின் பெரியவர்கள் ஒப்பிய பக்தியாக அது இல்லையே! நீக்கினார்கள். அவரோ அதே ஊரில் சொந்தமாக வேறொரு பள்ளியைத் தொடங்கினார்.

டெய்லர் முறையை ஏழைப் பிள்ளைகளும் வாங்கும் விலையில் அச்சிடவேண்டுமென்று பாக்ஸ்டர் என்ற பதிப்பாளரைக் கேட்டார். அது ஏற்கனவே கடைகளில் கிடைக்கிறது, புதிதாக ஒன்று செய்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. செய்தார்! 1837இல், நான்கு பென்னி விலையில், சின்னஞ்சிறு நூலாக வந்தது பிட்மன் முறை.

அதன் நுட்பம் என்ன? எழுத்துக் கூட்டலை விட்டுவிட்டு, காதில் விழும் ஒலியை எழுதுவது. ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஒரு கோடு அல்லது வளைவு. உயிரொலிக்குப் புள்ளியும் சிறு கீற்றும். தமிழருக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். கடல் என்னும் சொல்லின் தொடக்கத்தில் வரும் ககரத்தையும், தங்கம் என்னும் சொல்லின் நடுவே வரும் ககரத்தையும் ஒரே எழுத்தால் எழுதுகிறோம், ஒலியோ வேறு. பிட்மன் முறையில் இரண்டுக்கும் ஒரே கிடைக்கோடுதான். முன்னதற்கு மெல்லிய கோடு, பின்னதற்கு அழுத்திய கோடு! இதற்காகத்தான் அதைப் பழகுவோர் பென்சிலின் கூரில் அத்தனை அக்கறை காட்டுகின்றனர்.

1840இல் இங்கிலாந்திலே ஒரு பென்னி அஞ்சல் வந்தது. எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் கடிதம். பிட்மன் விடுவாரா? தம் முறை முழுவதையும் ஒரே தாளில் அடக்கி, ஒரு பென்னிக்கு விற்றார். கற்பவர்கள் பயிற்சியை எழுதி அஞ்சலில் அனுப்பினால், கட்டணம் இல்லாமலே திருத்தித் திருப்பியனுப்பினார். கடைப்பையன், ஆலைத் தொழிலாளி, எவரும் மாணவராகலாம். இன்று அஞ்சல்வழிக் கல்வி என்று நாம் சொல்வதன் முதல் தடங்களில் ஒன்று அது. தம்பி பென் பிட்மன் அமெரிக்கா சென்று அங்கே பரப்பினார்; 1865இல் லிங்கன் கொலை வழக்கு விசாரணையை எழுதியெடுத்த குழுவுக்குத் தலைவர் அவரே.

நம் நாட்டு மேடைக்கும் அந்தக் கலை வந்தது. பிட்மன் வாழ்ந்த பாத் நகருக்கு அருகே பிறந்த குட்வின் என்ற இளைஞர், 1897இல் விவேகானந்தருடன் வந்து அவருடைய உரைகளை எழுதியெடுத்தார். மறு ஆண்டே உதகையில், 27 வயதில் மாண்டார். அந்த உரைகளின் கொள்கை நமக்கு உடன்பாடோ இல்லையோ, அவை இன்று படிக்கக் கிடைப்பது குட்வின் கைவண்ணம். பின்னாளில் நம் இயக்கக் கூட்டங்களிலும் காவல்துறைச் சுருக்கெழுத்தாளர் முன்னால் வந்து உட்கார்ந்தார்; வழக்குப் போடுவதற்காக! பேச்சாளர் வேகத்தைக் கூட்டுவதும் அவர் விரல் துரத்துவதும் தனி வேடிக்கை என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிட்மனுக்கு இன்னோர் ஆசை இருந்தது. சுருக்கெழுத்தைவிட அதையே பெரிதாகக் கருதினார். ஆங்கிலத்தின் கோணல் எழுத்துக்கூட்டலை நேராக்குவது! அதற்கென இதழ் நடத்தினார், புது எழுத்துகள் வார்த்தார், தம் பெயரையே ஒலிக்கேற்ப மாற்றி எழுதினார். 1894இல் அரசி விக்டோரியா சர் பட்டம் தந்தார்; எழுத்துச் சீர்திருத்தத்தை மட்டும் ஆங்கில நாடு தரவில்லை. 1897 ஜனவரியில் அந்தக் குறையோடு கண்மூடினார்.

தமிழுக்கு அந்தக் குறை நேரவில்லை. 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் கைக்கொண்ட ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துகளை 1978இல் தமிழக அரசு ஆணையாக்கியது. இந்தப் பத்தியில் நீங்கள் இப்போது படித்த லையும் னையும் அவையே.