கூட்டுறவுக்கு வழிகாட்டிய நிக்கல்சன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வீடு கட்டவோ, பெண்ணின் திருமணத்திற்கோ பணம் வேண்டுமென்றால் சிட்டியும் ஊர்க் கூட்டுறவுச் சங்கமும் உடனே நினைவுக்கு வரும். அத்தகைய சங்கங்களுக்கு இந்தியாவில் வித்திட்டவர்களுள் முதன்மையானவர் சர் பிரடெரிக் நிக்கல்சன்.

1846-ல் பிறந்த இவர், ஐ.சி.எஸ். அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தார். 1887-ல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு இவர் தொகுத்ததே. விவசாயிகள் லேவாதேவிக்காரர்களிடம் பட்ட கடனில் மூழ்கிக் கிடந்ததை நேரில் கண்டவர் இவர்.

1892-ல் மாகாண அரசு இவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. விவசாய வங்கிகள் எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராய்வதே பணி. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக அவரது அறிக்கை வெளிவந்தது.

ஐரோப்பாவை மட்டும் பார்த்து அவர் எழுதிவிடவில்லை. சென்னை மாகாணத்து நிதிகளையும் துருவி ஆராய்ந்தார். இங்கிலாந்தில் வீடு கட்டும் சங்கங்கள் இருந்தன. உறுப்பினர்கள் மாதந்தோறும் பணம் செலுத்துவர். திரண்ட தொகையிலிருந்து ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்வர். மயிலாப்பூரில் 1872-ல் தோன்றிய நிதியைப் போன்றவையும் உறுப்பினரின் சேமிப்பை உறுப்பினருக்கே கடனாகக் கொடுத்தன. ஆனால் நிதிகள் பெரும்பாலும் நகரத்தாருக்கே பயன்பட்டன. நகையோ நிலமோ இல்லாத ஏழை உழவனை எட்டவில்லை.

அதற்கு ஜெர்மனியின் ரெய்பைசன் முறையே மருந்து என்று அவர் கருதினார். எல்லை ஒரே கிராமம். ஒருவரையொருவர் அறிந்தவர்களே உறுப்பினர். கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. தூரத்து வங்கி சொத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கும். ஊர்ச் சங்கமோ ஆளின் நாணயத்தையும் உழைப்பையும் எடைபோடும்.

1901-ல் இந்திய அரசு அமைத்த குழுவில் நிக்கல்சனும் இடம்பெற்றார். அதன் பயனாக 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1906-ல், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. திருவிதாங்கூரும் 1914-ல் தனக்கெனக் கூட்டுறவுச் சட்டம் இயற்றியது. அங்கே 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டதை முதியவர்கள் நெடுங்காலம் பேசிவந்தனர்.

ஓய்வுக்குப் பின் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்டார். மலபார் கரையில் மீன் பதனிடும் முறைகளைச் சீர்செய்ய முயன்றார். 1936-ல் காலமானார்.

1956-ல் விளவங்கோடு தமிழகத்துடன் இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை மாறினாலும் இருபுறமும் கூட்டுறவு நிலைத்தது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் கேரளத்தின் சில சங்கங்களில் முதலீடு செய்தோர் பணத்துக்காக அலைந்த செய்திகள் வந்துள்ளன. உறுப்பினர் கணக்கைக் கேளாவிட்டால், சங்கம் யாரோ சிலருடைய பெட்டியாகிவிடும். கடன் பெறும் உரிமையோடு கண்காணிக்கும் கடமையும் உறுப்பினருக்கு உண்டு என்பதே நிக்கல்சன் காட்டிய வழியின் உயிர்நாடி.