தேர்வில் தோற்ற ஆசிரியர்

சென்ற ஆண்டு நான் ஒரு தாளில் தோற்றேன். வீட்டாரிடம் சொல்ல நா எழவில்லை. அந்நாட்களில் எனக்குத் துணையாக நின்றவர் 1884-இல் மறைந்த ஒரு பெரியார், கிரிகோர் மெண்டல்.

1822-இல், இன்றைய செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் பிறந்தார் அவர். படிக்கப் பணமில்லை. தங்கை தன் சீர்ப்பணத்தில் ஒரு பங்கை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தாள். 1843-இல் புருன் நகரத்து மடத்தில் சேர்ந்தார். ஆசிரியராக விரும்பி 1850-இல் தகுதித் தேர்வு எழுதினார்; தோற்றார். வியன்னாவில் படித்துவிட்டு 1856-இல் மீண்டும் சென்றார்; சான்றிதழ் இன்றியே திரும்பினார். ஆயினும் 1854 முதல் 1868 வரை துணை ஆசிரியராகவே இருந்து பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பித்தார்.

தோற்ற அதே 1856-இல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். எட்டு ஆண்டுகள், ஏறத்தாழ 28,000 செடிகள்! உருண்டை விதை இனத்தையும் சுருங்கிய விதை இனத்தையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் அழிந்ததா? இல்லை; ஒளிந்திருந்தது. அடுத்த தலைமுறையில் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இதை 1865-இல் அறிஞர் கழகத்தில் படித்தார், 1866-இல் அச்சாயிற்று. உலகம் விழித்துக்கொண்டதோ 1900-இல்தான்.

இவ்வாண்டு இளநிலை மாணவர்களுக்கு ஜெனடிக் அல்காரிதம் சொல்லித்தரும் வேலை எனக்கு வந்தது. மரபியல் வழியிலேயே கணக்கிற்கு விடை தேடும் முறை அது; ஜான் ஹாலந்து 1975-இல் அதை நூலாக்கினார். கரும்பலகை நிறைய எழுதினேன். கொட்டாவி விட்டார்கள்.

மெண்டல் நினைவுக்கு வந்தார். அவர் செடிகளைக் கையால் தொட்டு எண்ணியவர் அல்லவா? சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, அவர் கதையைச் சொல்லி, ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்தேன். நாணயத்தைச் சுண்டி எட்டு இலக்கங்கள் எழுதச் சொன்னேன். தலை விழுந்தால் 1. பூ விழுந்தால் 0. ஒன்றுகள் மிகுந்த துண்டுகளைப் பொறுக்கி, இரண்டிரண்டாக ஓரிடத்தில் வெட்டி, வால்களை மாற்றி ஒட்டினோம். அங்கங்கே ஓர் இலக்கத்தைத் திருப்பினோம். ஐந்தாம் தலைமுறையில் ஒரு துண்டில் எட்டும் ஒன்றாக வந்தது. வகுப்பே எழுந்து நின்று ஆரவாரித்தது.

எல்லோரும் சென்றபின் ஒரு தம்பி மட்டும் நின்றான். மெண்டல் எத்தனை முறை தோற்றார் என்று கேட்டான். இரண்டு முறை என்றேன். பிறகு என் கதையையும் சொன்னேன். அன்றிரவே வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன்.