பெட்டிக்குள் திரும்பிப் போன சிப்பாய்கள்

கடந்த வருடம் ரொறொன்ரோவில் அக்கா வீட்டில் நின்றபோது, ஒரு மழை நாளில் மருமகன் என்னையும் விளையாடக் கூப்பிட்டான். அவனும் நண்பர்கள் மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். விளையாட்டின் பெயர் ‘ஃபெங் சுயி’. ஹொங்கொங் சண்டைப் படங்களைப் பார்த்து உருவாக்கப்பட்டு, 1996 இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக மாறி, தான் செய்யப்போவதை வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். நினைத்தது நடக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டைகள் முடிவு செய்யும்.

எனக்கு யாருக்கும் அடங்காத பொலிஸ்காரன் வேடம். தேநீர்க்கடைக்குள் சண்டை. மாடிப்படியால் சறுக்கி இறங்கி இரண்டு கைகளாலும் சுடுகிறேன் என்றேன். கட்டையை உருட்டினேன். இரண்டு பேர் சரிந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மருமகன் விதியை விளக்கினான். இந்த விளையாட்டில் எதிரிகள் இரண்டு வகை. பெயருள்ளவர்களுக்கு எத்தனை காயம் என்று கணக்கு எழுத வேண்டும். பெயரில்லாதவர்களுக்குக் கணக்கு இல்லை. ஒரு நல்ல அடி விழுந்தால் ஆள் முடிந்தான். படங்களிலும் அப்படித்தானே என்றான். விழுந்த இருவரின் பெயர் என்ன என்று கேட்டேன். பெயர் வைத்தால் ஆட்டம் நகராது மாமா என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் 2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவன் நான். அன்றிரவு நித்திரை வரவில்லை. போரை விளையாட்டாக்கும் யோசனையின் வேரைத் தேடிப் போனேன். அந்தத் தேடலில் எதிர்ப்பட்டவர்தான் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ்.

கால இயந்திரத்தையும், செவ்வாய்க் கிரகத்தவர்கள் பூமி மீது படையெடுப்பதையும் எழுதியவர் என்று பலருக்கு அவரைத் தெரியும். 1866 இல் இங்கிலாந்தின் புரொம்லியில் பிறந்தார். தகப்பன் நட்டத்தில் ஓடிய சிறு கடையொன்றின் முதலாளி. கிரிக்கெட் ஆடியும் கொஞ்சம் உழைத்தார். ஏழு வயதில் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் வாசிப்புப் பிடித்துக்கொண்டது. பிறகு தகப்பனும் கால் முறிந்து கிரிக்கெட்டைக் கைவிட, தாய் ஒரு பெரிய மாளிகையில் வீட்டுப் பொறுப்பாளராக வேலைக்குப் போனார். மகனைப் புடவைக்கடையில் வேலை பழக விட்டார்கள். அந்த வாழ்க்கையை அவர் வெறுத்தார். அதிலிருந்து வெளியேறி, புலமைப்பரிசில் பெற்று, 1884 இல் இலண்டனில் தோமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

1895 இல் ‘கால இயந்திரம்’ வந்தது. 1898 இல் ‘உலகங்களின் போர்’ வந்தது. 1908 இல் வானிலிருந்து நகரங்கள் மீது குண்டு போடப்படும் போர் ஒன்றை நாவலாக எழுதினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து அப்போது ஐந்து வருடங்கள்கூட நிறையவில்லை. கிபிர் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் குதித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையில் புதிதாக எதுவும் இருக்காது.

இதே மனிதர் 1913 இல் ‘சின்னப் போர்கள்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். அது ஒரு விளையாட்டின் விதிமுறை நூல். அவருக்கு இரண்டு மகன்கள். வீட்டுத் தரையில் மரக்கட்டைகளால் வீடுகளும் குச்சிகளால் மரங்களும் அமைத்து, ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பெரியவர்களும் பிள்ளைகளும் ஆடினார்கள். சுருள்வில் பூட்டிய பொம்மைப் பீரங்கி மரத்துண்டை எறியும். அது பட்டு விழுந்த சிப்பாய் செத்தவன். காலாட்படை ஒரு முறைக்கு ஒரு அடி தூரம் நகரலாம். பீரங்கியைச் சுட அருகில் குறைந்தது நாலு பேர் நிற்க வேண்டும். கைகலப்பில் சம எண்ணிக்கையினர் மோதினால் இரு பக்கமும் சமமாகச் சாகும்.

இந்த விளையாட்டை அவர் போருக்கு எதிரான வாதமாகவே முன்வைத்தார். படை அதிகாரிகள்கூட இந்தத் தரைப் போரில் தடுமாறிப் போனதைச் சொல்லி, உண்மையான போர் எவ்வளவு பெரிய குளறுபடியாக இருக்கும் என்று கேட்டார். தரையில் ஆடுகிற போரில் ஊர் அழிவதில்லை, தாய்மார் அழுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் சிப்பாய்கள் பெட்டிக்குள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதே அவருடைய நியாயம்.

நூல் வந்த மறு வருடம் முதலாம் உலகப் போர் தொடங்கியது. வெல்ஸ் அதை எதிர்க்கவில்லை. இதுவே போரை முடிவுக்குக் கொண்டுவரும் போர் என்று எழுதினார். 1918 இல் ஜேர்மனிக்கு எதிரான பிரித்தானியப் பிரசாரப் பணியிலும் சேர்ந்தார். ஈயச் சிப்பாய்கள் மீது இரக்கம் காட்டச் சொன்னவரின் பேனா, பெயர் தெரியாத இலட்சக்கணக்கான இளைஞர்களைக் களத்துக்கு அனுப்பும் பக்கம் நின்றது. பின்னாளில் தன் அன்றைய நம்பிக்கை பிழைத்துப் போனதை அவரே ஒப்புக்கொண்டார். இந்த இடம்தான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது. இது கடைசிச் சண்டை, இதோடு முடிந்துவிடும் என்று நாங்களும் எத்தனை தடவை நம்பினோம்.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டு விழுந்தபோது அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. முதுமையும் நோயும் சேர்ந்த காலம் அது. 1940 இல் ‘மனித உரிமைகள்’ என்ற சிறு நூலை எழுதி, உலகத்துக்கு ஒரு உரிமைப் பிரகடனம் வேண்டும் என்று வாதாடினார். 1946 ஓகஸ்டில் இறந்தார். இரண்டு வருடங்கள் கழித்து, 1948 டிசம்பர் 10 இல் ஐ.நா. உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதற்கு முன்னோடியான முயற்சிகளில் அவருடையதும் ஒன்று. அதன் உறுப்புரைகளில் பல, ஒவ்வொருவருக்கும் என்று தொடங்குகின்றன. பெயருள்ளவர், பெயரில்லாதவர் என்ற பிரிவு அங்கே இல்லை. டிசம்பர் 10 வரும்போது எங்கள் தாய்மார் பிள்ளைகளின் படங்களைப் பெயரோடு ஏந்தி வீதியில் நிற்பதும் அதையே கேட்டுத்தான்.

வெல்ஸின் தரைப் போர் அமெரிக்காவரை பரவியது. 1971 இல் கேரி கைகக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய விதிகளில் பெரும் போர்களுக்கு ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறித்தது. கைகக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974 இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, தொழில் உண்டு. அவன் செத்தால் ஆட்டக்காரருக்கு மனம் வலிக்கும். மருமகனின் மேசைக்கு வந்தது அந்த மரபுதான். எதிரே நிற்பவனுக்கு மட்டும் இன்னும் பெயர் வரவில்லை.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் மறுபடி ஆடினோம். மருமகன் ஒரு தாளில், தேநீர்க்கடையில் துவக்கோடு நிற்கும் பரிசாரகர்கள் ஆறு பேருக்கும் பெயர் எழுதி வைத்திருந்தான். ஆட்டம் நத்தை வேகத்தில் போனது. ஒருவனைச் சுடுவதா, அவனோடு கதைத்துப் பார்ப்பதா என்று பிள்ளைகள் அரை மணித்தியாலம் வாதாடினார்கள். அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோதும் முடிவு வரவில்லை. அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.