இரண்டு விமானத்தில் தொடங்கியவர்
ஜே.ஆர்.டி. டாட்டாவின் வாழ்க்கை

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 14ந் தேதி ஏர் இந்தியா கம்பெனி ஒரு செய்தியை வெளியிட்டது. 470 புதிய விமானங்கள் வாங்கப் போகிறோம் என்பதே அந்தச் செய்தி. ஏர்பஸ் விமானம் 250. போயிங் விமானம் 220.

ஊர் எல்லாம் விலையைப் பற்றிப் பேசியது. விமானிகள் மட்டும் வேறு கணக்குப் போட்டார்கள். எந்த விமானம் எப்போது வந்து சேரும்? அதை ஓட்ட எத்தனை காப்டன்கள் வேண்டும்? நம் முறை எப்போது வரும்?

காஞ்சீபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாக விளங்கும். பட்டுத் தறியில் ஒருவர் நெய்கிறார். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரை போட உதவுகிறான். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் என்ன? இன்னொரு தறி இறங்கினால்தான் அவன் தனியாக உட்கார முடியும்.

துணை விமானியின் கதையும் அதுதான். புது விமானம் வந்தால்தான் அவருக்குக் காப்டன் பதவி வரும்.

ஒரு பெரிய விமானம் ஆண்டுக்கு 4 ஆயிரம் மணி நேரம் கூடப் பறந்துவிடும். ஆனால் ஒரு விமானி ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே ஒரு விமானத்துக்கு ஒரு ஜோடி விமானிகள் போதாது. பல ஜோடிகள் வேண்டும். லீவு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

இந்த ஏர் இந்தியா எத்தனை விமானத்தோடு ஆரம்பமாயிற்று தெரியுமா? இரண்டே இரண்டு! விமானிகள் மூன்று பேர். அவர்களில் ஒருவர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

பாரிசில் பிறந்த பிள்ளை

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது அவருடைய முழுப் பெயர். 1904ஆம் ஆண்டு ஜூலை 29ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி. தாய் பிரெஞ்சுப் பெண்மணி. அதனால் சிறுவனுக்கு முதலில் வந்த மொழி பிரெஞ்சு.

பிரான்சின் கடற்கரையில் ஆர்டலோ என்ற ஊர். அங்கே டாட்டா குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. அதே ஊரில் பிளேரியோ என்பவருக்கும் வீடு இருந்தது. 1909இல் முதன்முதலாக ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த வீரர் அவர். மணலில் விமானம் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சிறுவன் மயங்கினான். 15வது வயதில் முதல் தடவை விமானத்தில் ஏறினான். அன்று பிடித்த ஆசை சாகும் வரை விடவில்லை.

இங்கிலாந்துக்குப் போய் என்ஜினீயரிங் படிக்க அவர் விரும்பினார். அது நடக்கவில்லை. தந்தை அவரை இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டார். 1925இல் டாட்டா கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை இறந்தார். 22 வயதில் குடும்பப் பாரம் தலையில் விழுந்தது.

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ந் தேதி பம்பாயில் அவருக்கு விமானி லைசென்சு கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட லைசென்சுகளில் அதுதான் 1ம் நம்பர்.

கை நழுவிய பரிசு

அந்தச் சமயத்தில் ஆகாகான் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு.

1930 மே மாதம் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பினார். ஆஸ்பி என்ஜினீர் என்ற 17 வயது வாலிபர் லண்டனிலிருந்து கராச்சிக்குக் கிளம்பினார். இருவரும் எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. ஜே.ஆர்.டி. தம்மிடம் கூடுதலாக இருந்ததைக் கொடுத்துவிட்டார்.

போட்டியில் ஜெயித்தது ஆஸ்பி! சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு போயிற்று. அந்த ஆஸ்பிதான் பிற்காலத்தில், 1960இல், இந்திய விமானப்படைத் தலைவரானார். பிளக்கைக் கொடுத்ததற்காக ஜே.ஆர்.டி. வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. போட்டியில் எதிரிக்கு உதவுகிறவர்கள் அன்றும் குறைவுதான்.

கீற்றுக் கொட்டகை

நெவில் வின்சென்ட் என்று ஒரு வெள்ளைக்கார விமானி. லண்டனிலிருந்து கராச்சி வரை விமானத்தில் வரும் தபாலை, அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்திலேயே கொண்டுபோகலாம் என்று அவர் யோசனை சொன்னார். ஜே.ஆர்.டி. அதைப் பிடித்துக்கொண்டார். டாட்டா கம்பெனி 2 லட்ச ரூபாய் போட்டது. இரண்டு சிறிய "பஸ்மாத்" விமானங்கள் வந்தன.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி காலை ஜே.ஆர்.டி. தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து பறந்தார். ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது! பிறகு பம்பாய் ஜூகு கடற்கரை. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வின்சென்ட் ஓட்டினார். மூன்றாவது விமானியின் பெயர் ஹோமி பரூச்சா.

விமானத்தில் ரேடியோ கிடையாது. ஜூகுவில் ஆபீஸ் என்பது ஒரு கீற்றுக் கொட்டகை. மழைக்காலம் வந்தால் மைதானம் தண்ணீரில் முழுகிவிடும். கடையைத் தூக்கிக்கொண்டு புனாவுக்குப் போவார்கள்.

முதல் ஆண்டு 1 லட்சத்து 60 ஆயிரம் மைல் பறந்தார்கள். 155 பேர் பிரயாணம் செய்தார்கள். லாபம் 60 ஆயிரம் ரூபாய். 1935இல் திருவனந்தபுரத்துக்கும் சர்வீஸ் வந்தது.

1938இல், 34 வயதில், டாட்டா கம்பெனிகளுக்கெல்லாம் தலைவரானார் ஜே.ஆர்.டி. 1942இல் வின்சென்ட் யுத்தத்தின்போது விமானப் பயணத்தில் மாண்டார்.

பாவு இல்லாத தறிகள்

யுத்தம் முடிந்தது. அமெரிக்கப் படையின் "டக்கோட்டா" விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. பணம் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். சர்க்காரும் தாராளமாக லைசென்சு கொடுத்தது. புதுக் கம்பெனிகள் முளைத்தன. விமானிகளுக்குக் கிராக்கி வந்தது.

ஜே.ஆர்.டி.க்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு விமானத்துக்குப் பிரயாணிகள் எங்கே என்று கேட்டு எச்சரித்தார். பாவு இல்லாமல் தறியை மட்டும் இறக்கி வைத்தால் நெசவாளி என்ன செய்வான்? அவர் சொன்னபடியே கம்பெனிகள் நஷ்டப்பட்டன. 1950இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவும், தேவைக்கு மேல் லைசென்சு கொடுத்ததைக் குறை கூறியது.

இது பழங்கதை அல்ல. 2012இல் கிங்பிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ பர்ஸ்ட் என்று நம் காலத்திலும் கம்பெனிகள் நின்று போயின. எத்தனையோ விமானிகள் புதுக் கம்பெனியில் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது.

தம் விஷயத்தில் ஜே.ஆர்.டி. நிதானமாகவே வாங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூன் 8ந் தேதி "மலபார் பிரின்சஸ்" என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. நாடு விடுதலை பெற்று ஓராண்டு கூட ஆகவில்லை. காப்டன் இந்தியர், குஸ்தார்.

பெருமையோடு துக்கமும் வந்தது. 1950 நவம்பர் 3ந் தேதி அதே மலபார் பிரின்சஸ் ஐரோப்பாவில் மவுண்ட் பிளாங்க் மலையில் மோதியது. அதில் இருந்த 48 பேரும் மாண்டார்கள்.

கம்பெனி போயிற்று, வேலை நின்றது

1953இல் சர்க்கார் விமானக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. எட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. எட்டுக் கம்பெனி விமானிகளையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியதாயிற்று. யார் சீனியர், யார் ஜூனியர்? (2024இல் விஸ்தாரா ஏர் இந்தியாவில் சேர்ந்தபோதும் இதே கேள்விதான்.)

தம்மைக் கலக்காமலே முடிவு செய்துவிட்டார்களே என்று ஜே.ஆர்.டி. மனம் நொந்தார். ஆனால் நேரு கேட்டுக்கொண்டதால் வெளிநாட்டு சர்வீசுக்குத் தலைவராக இருக்கச் சம்மதித்தார். சம்பளம் வாங்கவில்லை. விமானத்தில் போகும்போதெல்லாம் திரைச்சீலை, தேநீர், கழிப்பறை வரை பார்த்துக் குறிப்பு எழுதுவார். குற்றம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அந்தப் பயத்தால் பிரயாணிகளுக்கு லாபம்தான்!

1960இல் போயிங் 707 ஜெட் வந்தது. அதே ஆண்டு நியூயார்க் வரை சர்வீஸ் நீண்டது. 1962இல் பழைய உந்துவிசிறி விமானங்களை எல்லாம் ஒதுக்கி, ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் உலகின் முதல் கம்பெனி என்று ஏர் இந்தியா பெயர் வாங்கியது. வருஷக்கணக்கில் பழைய விமானம் ஓட்டியவர்கள் மறுபடி மாணவர்களாக உட்கார்ந்தார்கள். 1971இல் "எம்பரர் அசோகா" என்ற ஜம்போ வந்தது.

1978 புத்தாண்டு இரவு அந்த அசோகா பம்பாய்க் கடலில் விழுந்தது. 213 பேர் பலி. அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் சர்க்கார் ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. 46 ஆண்டு உறவு அப்படி முடிந்தது. 1980இல் இந்திரா காந்தி அவரை நிர்வாகக் குழுவுக்கு மீண்டும் அழைத்தார். தலைவராக அல்ல, உறுப்பினராக.

1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி. முதல் தபால் பறந்து 50 ஆண்டு நிறைந்த நாள். 78 வயதான ஜே.ஆர்.டி. கராச்சியில் ஒரு பழைய சிறு விமானத்தில் ஏறினார். பக்கத்தில் யாரும் இல்லை. ஒண்டியாக ஓட்டிக்கொண்டு பம்பாய் ஜூகுவில் வந்து இறங்கினார்.

1992இல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ந் தேதி ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிசிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தொடங்கிய கம்பெனி, 2022ஆம் ஆண்டு ஜனவரி 27ந் தேதி மறுபடி டாட்டா கைக்கு வந்தது.