என். எஸ். கிருஷ்ணன்

கலைவாணர் என்று அழைக்கப்படும் என். எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகரும் பாடகரும் தயாரிப்பாளரும் ஆவார். அக்காலத்தில் மக்கள் நன்கு அறிந்திருந்த கதைகளையும் கலை வடிவங்களையும் பகடி செய்து, அவற்றின் வழியாகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியவர்.

இளமை

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கி அம்மாள் இணையருக்குப் பிறந்தார். வறுமையால் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார்; மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். அக்கொட்டகையே அவருக்கு நாடகத்தின் மீது பற்றை ஏற்படுத்தியது. தென்மாவட்டக் கலையான வில்லுப்பாட்டிலும் தேர்ந்தார். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்தார்.

திரைத்துறை

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி (1936) அவர் நடித்த முதற்படங்களுள் ஒன்று. எம். ஜி. ஆர். அறிமுகமானதும் இப்படத்தில்தான். அதே ஆண்டு வெளிவந்த வசந்தசேனாவில் உடன் நடித்த டி. ஏ. மதுரத்தை மணந்தார். இவ்விருவரின் நகைச்சுவைப் பகுதிகள் பெரும்பாலும் முதன்மைக் கதையோடு ஒட்டாமல், தனியாகவே எழுதப்பட்டுப் படத்தில் சேர்க்கப்பட்டன. தயாரிப்பாளர்களுக்கு அது வணிக வசதி. கிருஷ்ணனுக்கோ தாம் நினைத்ததைச் சொல்லக் கிடைத்த இடம்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு

இந்துநேசன் இதழாசிரியர் சி. என். இலட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இவ்வழக்கில் கிருஷ்ணனும் நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைது செய்யப்பட்டனர். 1945 இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். சிறைவாசத்துக்குப் பின் பாகவதரால் பழைய நிலையை எட்ட இயலவில்லை. கிருஷ்ணனின் மிகச் சிறந்த பகடியோ இதற்குப் பிறகே திரையில் வந்தது.

கிந்தனார்

கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேப மேடைகளிலும் திரையிலும் பெரும்புகழ் பெற்றிருந்தது. அதில் பண்ணையாளான நந்தன் சிதம்பரம் செல்ல ஏங்குகிறான். ஆண்டையான வேதியர் நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்தால் போகலாம் என்கிறார். இறையருளால் அது ஒரே இரவில் விளைகிறது. இறுதியில் நந்தன் தீயில் புகுந்தே இறைவனை அடைகிறான்.

இதைப் பகடி செய்து உடுமலை நாராயணகவி எழுதியதே கிந்தனார். கிருஷ்ணன் பாகவதர் கோலத்தில் காலட்சேபம் செய்வதாக இது நல்லதம்பி (1949) படத்தில் இடம்பெற்றது. தாழ்த்தப்பட்ட சிறுவனான கிந்தன் ஏங்குவது கோயிலுக்கு அல்ல, கல்விக்கு. அவன் போகும் தலம் சென்னைப் பட்டணம். ஏறிச் செல்வது எல்லாச் சாதியினரையும் ஒன்றாகச் சுமக்கும் இரயில். படித்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். தீக்குளித்துத் தூய்மை பெறவேண்டிய தேவை அவனுக்கு இல்லை. மூலக்கதையின் மீதான கூர்மையான விமரிசனம் இதுவே எனலாம். ஆனால் நந்தனையோ பக்தர்களையோ இப்பகடி இழிவு செய்யவில்லை.

மூலத்தை அறிந்தோரிடமே பகடி எடுபடும். அமெரிக்க அசைபடத் தொடரான சிம்சன்ஸ் 1990 ஆம் ஆண்டு ஹாலோவீன் சிறப்புப் பகுதியில் எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதையை எடுத்துக்கொண்டதும் இவ்வகையே. கிருஷ்ணனுக்கு நந்தன் கதை அவ்வாறு வாய்த்தது.

நல்லதம்பியே ஒரு தழுவல்தான். பிராங்க் காப்ராவின் 1936 ஆம் ஆண்டு ஆங்கிலப் படமொன்றை ஒட்டி சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுதினார். அவர் எழுதி வெளிவந்த முதல் திரைப்படம் இது. மதுவிலக்குப் பரப்புரையும் இதில் உண்டு.

பிற்காலம்

மணமகள் (1951), மு. கருணாநிதி எழுதிய பணம் (1952) ஆகிய படங்களை இயக்கினார். ஈட்டியதைப் பிறருக்கு வாரி வழங்கியவர் என்று பெயர் பெற்றார். 48 ஆம் வயதில் சென்னையில் காலமானார். சென்னையில் உள்ள கலைவாணர் அரங்கம் இவர் பெயரைத் தாங்கியது. தியாகராய நகரில் இவரது சிலையை 1969 ஜனவரியில் முதலமைச்சர் அண்ணாதுரை திறந்து வைத்தார். அடுத்த மாதமே அண்ணாதுரையும் மறைந்தார்.